கட்டணம் குவாமுக்கு, கணக்கு வாஷிங்டனுக்கு!

பாஸ்போர்ட்டுக்குக் கட்டும் பணம் எந்தக் கஜானாவுக்குப் போகிறது என்பதெல்லாம் வக்கீல்களும் அதிகாரிகளும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம், ஆலைத் தொழிலாளிக்கும் பண்ணையாளுக்கும் அதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பி வைத்த குடும்பங்கள் அப்படிக் கேட்கமாட்டா. காதிலும் கழுத்திலும் கிடந்தது அடகுக் கடைக்குப் போன பிறகுதான் பல வீடுகளில் அந்தச் சிறு புத்தகம் வந்து சேருகிறது. பிழைப்புக்காக ஊர் விட்டுப் போகிறவனிடம் வாசலிலேயே நின்று வாங்கும் பணம் அது. வாங்கிய சர்க்கார் அதை என்ன செய்கிறது என்று கேட்க, உழைக்கிறவனைவிட உரிமை உள்ளவன் யார்?

இந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் எழுதி வைத்திருக்கிற ஓர் ஊரைப் பற்றி இந்த வாரம் சொல்லப் போகிறோம். அதன் பெயர் குவாம்.

குவாம் எங்கே இருக்கிறது? பசிபிக் மாகடலின் மேற்குப் பகுதியில், மணிலாவுக்குக் கிழக்கே சுமார் 2,500 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு சிறு தீவு. அங்கிருந்து ஹவாய்த் தீவுகளே 6,000 கிலோமீட்டருக்கு அப்பால். அமெரிக்கப் பெருநிலம் அதற்கும் வெகு தூரம். 2020ல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கில் அங்கே இருந்தவர்கள் 1,53,836 பேர். நமது ஜில்லாத் தலைநகர் ஒன்றில்கூட அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். தீவின் நிலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அமெரிக்க ராணுவத்தின் கையில் இருக்கிறது. வியத்நாம் மக்கள் தலையில் குண்டு பொழிந்த பி-52 விமானங்கள் இந்தத் தீவிலிருந்துதான் கிளம்பின.

தீவின் சொந்தக்காரர்கள் சாமோரோ மக்கள். 1898ல் அமெரிக்காவும் ஸ்பெயினும் யுத்தம் செய்தன. தோற்றுப்போன ஸ்பெயின், பாரிஸில் எழுதிய உடன்படிக்கையில் குவாமைத் தூக்கி அமெரிக்காவிடம் கொடுத்தது. மாட்டை விற்றால்கூட மாட்டுக்குத் தரகுத் துண்டு போட்டு மூடி விலை பேசுவார்கள். இங்கே மூடவும் இல்லை, சாமோரோக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அதன்பின் அரை நூற்றாண்டு அமெரிக்கக் கப்பற்படையே அங்கே சர்க்கார். நடுவில் 1941 டிசம்பர் முதல் 1944 வரை ஜப்பானியப் படை பிடித்து வைத்திருந்தது. மற்றபடி, கப்பற்படை அதிகாரியே கவர்னர். சட்டம் போடுகிறவரும் அவரே, வரி போடுகிறவரும் அவரே. மக்கள் தேர்ந்தெடுத்த சபை ஒன்று இருந்தது. அது யோசனை சொல்லலாம். கேட்பதும் தள்ளுவதும் கவர்னர் இஷ்டம்.

1949 மார்ச்சில் அந்தச் சபை உறுப்பினர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். விசாரணை நடத்தத் தங்களுக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்பதுதான் தகராறு. கவர்னர் பவனல் அவர்கள் பதவியைப் பறித்தார். ஆனால் செய்தி அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்துவிட்டது. யுத்தம் முடிந்து உலகமெங்கும் அடிமை நாடுகள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. கப்பற்படை ஆட்சியை இனியும் மூடி வைக்க முடியாது என்று வாஷிங்டன் கண்டுகொண்டது. 1950 ஆகஸ்டு 1-ந் தேதி ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்ட குவாம் ஆட்சிச் சட்டம் பிறந்தது. தீவு மக்கள் அமெரிக்கப் பிரஜைகள் ஆனார்கள். கப்பற்படை போய் உள்நாட்டு இலாகாவின் மேற்பார்வை வந்தது.

அந்தச் சட்டத்தில் 30-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நாம் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

குவாமிலிருந்து கிடைக்கும் சுங்கத் தீர்வை, அமெரிக்க வருமான வரி ஆகியவை. குவாமில் வசூலாகும் நோய்த் தடுப்புச் சோதனைக் கட்டணம், பாஸ்போர்ட் கட்டணம், குடியேற்றக் கட்டணம், பிரஜா உரிமை வழங்கும் கட்டணம் ஆகியவை. எல்லாம் குவாம் கஜானாவில் சேர வேண்டும். அங்கே குவாம் சர்க்காரின் கணக்கில் வைத்து, அதன் வரவு-செலவுத் திட்டப்படி, குவாமின் நன்மைக்கே செலவு செய்யவேண்டும். பிரிவின் சாரம் இதுதான். தீவில் வேலை செய்யும் அமெரிக்கச் சிப்பாய், அதிகாரி ஆகியோர் கட்டும் வருமான வரியும் இதில் அடக்கம்.

1917ல் டென்மார்க்கிடம் 2 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்து அமெரிக்கா வாங்கிய வர்ஜின் தீவுகளுக்கு 1954ல் போட்ட சட்டத்திலும் இதே வாசகம் உண்டு. ஆனால் அங்கே கூடவே ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது: வசூல் செய்த செலவைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்களாம். குவாமின் அண்டைத் தீவுகளான வட மரியானாவுடன் செய்துகொண்டு 1976ல் சட்டமாக்கிய உடன்படிக்கையின் 703-வது பிரிவிலும் பாஸ்போர்ட் கட்டணம் தீவின் கஜானாவுக்கே என்று எழுதியிருக்கிறது.

படித்தவுடன் என்ன தோன்றும்? அடடா, என்ன தாராளம்! எந்த ஏகாதிபத்தியம் வசூலித்த பணத்தை வசூலித்த ஊருக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறது? வெள்ளைக்காரன் நம்மிடம் உப்புக்கு வாங்கிய வரியை நமக்கா கொடுத்தான்? இப்படிக் கேட்பவர்கள் உண்டு. இந்தப் பிரிவு ஒன்றுமில்லாத வெற்றுக் காகிதம் என்று நாமும் சொல்ல மாட்டோம். 1949ல் சபையை விட்டு வெளியேறியவர்கள் போராடிப் பெற்றதில் இதுவும் ஒரு பங்கு. பெற்றதைப் பெற்றது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் பண்ணையில் வாரத்துக்கு உழுதவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பாதி உனக்கு, பாதி எனக்கு என்று வாயால் பேசுவது சுலபம். களத்தில் நெல் அளக்கும்போது மரக்கால் யார் கையில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். விதைக்கு வாங்கியது, ஏர் மாட்டுக்கு வாங்கியது, போன வருஷத்துப் பாக்கி என்று யார் பிடித்தம் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். குவாமின் களத்துமேட்டில் மரக்கால் யார் கையில்?

முதலில் விலையைப் பாருங்கள்

வயது வந்த ஒருவர் புதிதாக அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுக்க 2021 டிசம்பர் முதல் மனுக் கட்டணம் 130 டாலர். அதற்குமுன் 110. மனுவைச் சரிபார்த்து வாங்கிக்கொள்ளும் அலுவலகத்துக்குத் தனியாக 35 டாலர். மொத்தம் 165 டாலர். குவாமின் குறைந்தபட்சக் கூலி 2021 செப்டம்பரில் மணிக்கு 9.25 டாலராக ஆக்கப்பட்டது. அந்தக் கூலிக்காரன் ஒரு பாஸ்போர்ட்டுக்காகச் சுமார் 18 மணி நேரம் உழைக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டேகால் நாள் உழைப்பு! புருஷன், பெண்சாதி, இரண்டு பிள்ளைகள் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

இந்த விலையை நிர்ணயித்தது யார்? வாஷிங்டன். குவாமின் சட்டசபைக்கு அதில் வாய் இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் சபையில் குவாமுக்கு ஒரு பிரதிநிதி இருக்கிறார். 1972ல் சட்டம் போட்டு, 1973லிருந்து போய் உட்கார்ந்திருக்கிறார். பேசலாம், கமிட்டிகளில் இருக்கலாம். சட்டம் நிறைவேறும் இறுதி ஓட்டெடுப்பில் கை தூக்க முடியாது. ஜனாதிபதித் தேர்தலிலும் தீவு மக்களுக்கு ஓட்டு இல்லை. கட்டணத்தைக் கூட்டுகிறவர்களை இறக்கவும் முடியாது, ஏற்றவும் முடியாது. ஆனால் கூட்டிய கட்டணத்தை மட்டும் கட்ட வேண்டும்.

இன்னொரு தீவு, அமெரிக்க சமோவா. அங்கே பிறந்தவர்களுக்குப் பிறப்பினால் அமெரிக்கப் பிரஜா உரிமை கிடையாது. ‘அமெரிக்காவுக்கு உரியவர்’ என்ற பாதி அந்தஸ்துதான். அவர்களும் அதே கட்டணம் கட்டி அதே புத்தகத்தை வாங்குகிறார்கள். உள்ளே ஒரு பக்கத்தில், இதை வைத்திருப்பவர் அமெரிக்கப் பிரஜை அல்ல என்று குறிப்பு எழுதியிருக்கும்! பணம் முழுசு, உரிமை அரை. இதற்கு மேல் நாம் வியாக்கியானம் செய்ய வேண்டுமா?

குவாமுக்கு வருவோம். 1950ல் பாஸ்போர்ட் கட்டணம் உங்கள் கஜானாவுக்கே என்று எழுதிக் கொடுத்தார்கள் அல்லவா? அப்போது தீவுக்குள் வரவும் வெளியே போகவும் கப்பற்படையின் அனுமதிச் சீட்டு வேண்டும்! 1941 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவினால் தீவு முழுவதும் ராணுவப் பாதுகாப்பு வட்டமாகியிருந்தது. யுத்தம் 1945ல் முடிந்தது. உத்தரவு முடியவில்லை. குவாம்காரன் பிரஜை ஆன பிறகும், சொந்த ஊருக்குத் திரும்பி வருவதற்குக்கூட கப்பற்படையின் தயவு வேண்டியிருந்தது. 1962 ஆகஸ்டில் கென்னடி காலத்தில்தான் அது ஒழிந்தது. ஆகப் பன்னிரண்டு வருஷம் வாசல் கட்டணம் குவாம் கஜானாவுக்கு, வாசற்கதவின் சாவி கப்பற்படை இடுப்பில்!

பிடித்தம், பிடித்தம்!

இனி மரக்காலைப் பார்ப்போம். 30-வது பிரிவுப் பணம் எப்படி வந்து சேருகிறது? வருஷம் பிறக்கும் முன், இந்த வருஷம் இவ்வளவு வசூலாகும் என்று குவாம் கவர்னர் மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பீட்டுக்குக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் சம்மதம் வேண்டும். 1968ல் ஏற்படுத்திய அந்தப் பதவி குவாம் மக்களுக்குக் கட்டுப்பட்டதல்ல, வாஷிங்டனின் உள்நாட்டு இலாகாவுக்குக் கட்டுப்பட்டது. சம்மதம் ஆனபின் அமெரிக்கக் கஜானா பணத்தை முன்கூட்டி அனுப்பும். போன வருஷம் மதிப்பிட்டதைவிடக் குறைவாக வசூலாகியிருந்தால், இந்த வருஷப் பணத்தில் கழித்துக்கொள்ளும், கூடியிருந்தால் சேர்க்கும். கழிப்பதற்கு இன்னும் இரண்டு காரணங்களைச் சட்டமே பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கிறது. அவை எவை?

1962 நவம்பர் 11-ந் தேதி ‘காரென்’ என்ற சூறாவளி குவாமைச் சூறையாடியது. வீடுகளில் பெரும்பாலானவை தரைமட்டம். நம் தஞ்சைக் கரையோரத்துக்காரர்களுக்குப் புயல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. 1963ல் அமெரிக்கக் காங்கிரஸ் புனரமைப்புச் சட்டம் போட்டது. நல்லது. ஆனால் அதில் கடனாகக் கொடுத்த பகுதி வட்டியுடன் திரும்ப வேண்டும். எங்கிருந்து? 30-வது பிரிவுப்படி குவாமுக்கு வரவேண்டிய பணத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். புயலில் கூரை பறந்தவன் வாசலில் கட்டும் கட்டணமும் அந்தக் கடனுக்கு ஈடு.

இரண்டாவது, 1976ல் குவாம் மின்சார வாரியத்தின் கடனுக்கு அமெரிக்க சர்க்கார் கொடுத்த உத்தரவாதம். வாரியம் தவணை தவறினால் அதே 30-வது பிரிவுப் பணத்தில் கை வைக்கலாம்.

ஆலைகளில் நமக்குத் தெரியாத முறையா இது? சம்பளச் சீட்டில் மொத்தம் என்று ஒரு தொகை இருக்கும். சங்கக்காரர்களிடம் முதலாளி அந்தத் தொகையைத்தான் காட்டுவார். கேண்டீன், கூட்டுறவுக் கடன், பண்டிகை முன்பணம் எல்லாம் போக வீட்டுக்கு வருவதை வேறு யாரும் காட்டுவதில்லை. கடன் வாங்கினால் கட்ட வேண்டியதுதான். அதை நாம் மறுக்கவில்லை. கடன் கொடுத்தவனே கணக்கப்பிள்ளையாகவும் சம்பளம் பட்டுவாடா செய்கிறவனாகவும் இருந்தால் தொழிலாளி எங்கே போய் முறையிடுவது? அதுதான் கேள்வி.

இங்கே இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்க உள்நாட்டு இலாகாவின் வரவு-செலவு ஏட்டில் இந்தப் பணத்துக்கு வைத்திருக்கும் தலைப்பு: ‘குவாம் 30-வது பிரிவு வருமான வரி’. அவ்வளவுதான்! சட்டத்தின் பிரிவில் பாஸ்போர்ட் கட்டணம், குடியேற்றக் கட்டணம் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. ஏட்டின் தலைப்பில் வருமான வரி மட்டும் நிற்கிறது. தொகை பெரியது வருமான வரிதான், சந்தேகமில்லை. ஆனால் சிறு தொகை என்பதற்காக அதன் பெயரே தலைப்பில் இருக்கக் கூடாதா? பெரியவர்கள் சோளக் கதிரை எண்ணுவார்கள், சிந்திய மணியை எண்ணமாட்டார்கள். சிந்திய மணியைப் பொறுக்கித் தின்கிறவனுக்குத்தான் அதன் கணக்குத் தெரியும்.

குப்பை மேடு

இந்தப் பணம் தீவில் என்னவாயிற்று என்பதற்கு ஒரு கதை சொல்வோம். கதை என்றால் கட்டுக்கதை அல்ல. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருப்பது.

1940களில் அமெரிக்கக் கப்பற்படை, தீவின் நடுப்பகுதியில் ஓர்டோட் என்ற இடத்தில் ஒரு குப்பை மேட்டை உண்டாக்கியது. ராணுவக் கழிவையெல்லாம் அங்கே கொட்டியது. 1950ல் ஆட்சிச் சட்டம் வந்தபோது, 30-வது பிரிவைக் கொடுத்த அதே சமயத்தில், இந்தக் குப்பை மேட்டையும் குவாம் சர்க்கார் தலையில் கட்டியது. பிறகு தீவு மக்களின் குப்பையும் அங்கேதான் போயிற்று. வேறு இடம் இருந்தால்தானே! கடைசியில் அது 280 அடி உயரக் குப்பை மலையாக நின்றது. அடியிலிருந்து ஊறிய நச்சு நீர் ஆற்றில் கலந்தது.

2002ல் வாஷிங்டனின் சுற்றுச்சூழல் நிறுவனம் யார் மீது வழக்குப் போட்டது தெரியுமா? கப்பற்படை மீதா? இல்லை, குவாம் மீது! 2004ல் ஒரு சமரசத் தீர்ப்பு. குவாம் அபராதம் கட்டி, மேட்டை மூடி, வேறு இடத்தில் முறையான குப்பைக் கிடங்கு கட்ட வேண்டும். வேலை தாமதமாயிற்று. 2008ல் நீதிமன்றமே ஒரு பொறுப்பாளரை நியமித்து, தீவின் குப்பை நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பணத்துக்கு எங்கே போவது? 2009ல் குவாம் சர்க்கார் கடன் பத்திரங்கள் வெளியிட்டது. அவற்றுக்கு ஈடாக எழுதிக் கொடுத்தது எதைத் தெரியுமா? 30-வது பிரிவு வருமானத்தை!

தோழர்களே, இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். கப்பற்படை குப்பை கொட்டியது. கொட்டிய குப்பையை மூட, குவாமின் சட்டப்படியான வருமானத்தை வட்டிக்காரனிடம் அடகு வைத்தார்கள். மகளைப் பார்க்க மணிலா போகிற கிழவியின் பாஸ்போர்ட் கட்டணத்தைத் தீவுக்கு என்று எழுதிய அதே பிரிவு பத்திரக்காரன் பெட்டிக்குள் போய்விட்டது. கஜானாவுக்கு வருமுன்பே முதல் உரிமை அவனுடையது.

2011ல் ஓர்டோட் மூடப்பட்டது, லாயோன் என்ற இடத்தில் புதுக் கிடங்கு திறக்கப்பட்டது. சுத்தம் செய்யும் செலவு 16 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்ட குவாம், கப்பற்படையும் பங்கு தர வேண்டும் என்று அமெரிக்கா மீது வழக்குத் தொடுத்தது. காலம் கடந்துவிட்டது, தள்ளுபடி செய்யுங்கள் என்று வாதாடியது வாஷிங்டன். கீழ்க் கோர்ட்டு ஒன்று அதை ஏற்கவும் செய்தது. 2021 மே 24-ந் தேதி உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக, குவாமின் வழக்கு நிலைக்கும் என்று தீர்ப்பளித்தார்கள். பிறகு 2024ல் ஒரு சமரசம் ஏற்பட்டது. ஓர்டோட்டோடு தீவின் வேறு சில நச்சு இடங்களையும் சேர்த்து, கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, 5 கோடி டாலருக்கும் குறைவான தொகை. கிடைத்தது மட்டும் லாபம் என்று வாங்கிக்கொண்டார்கள். இருபது வருஷம் வழக்காடிய ஏழைக்கு அதைத் தவிர வழி என்ன?

தீவின் ஆட்சியாளர்களும் சளைத்தவர்கள் அல்ல

எல்லாப் பழியையும் கடலுக்கு அப்பால் தள்ளிவிட நமக்கு மனம் இல்லை. 1970லிருந்து குவாம் மக்களே தங்கள் கவர்னரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படி வந்த சர்க்கார்கள் மக்கள் பணத்தை எப்படி வைத்துக்கொண்டன?

வருமான வரியில் கூடுதலாகப் பிடித்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் அல்லவா? வருஷக்கணக்கில் தரவில்லை. அந்தப் பணத்தைச் சர்க்கார் செலவுக்கு எடுத்துவிட்டார்கள். ஆனால் வேண்டியவர்களுக்கு மட்டும் ‘அவசரப் பட்டியல்’ ஒன்று வைத்து முன்கூட்டிக் கொடுத்தார்கள்! வரி கட்டியவர்கள் 2011ல் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த அவசரப் பட்டியல் பாரபட்சமானது, பணத்தை உரிய காலத்தில் திருப்பித் தர வேண்டும் என்று 2013ல் தீர்ப்பு வந்தது. மேல் கோர்ட்டும் 2015ல் அதை உறுதி செய்தது. கூலிக்காரனின் நூறு டாலர் காத்திருக்கும்போது, தெரிந்தவனின் செக்கு வேறு வாசல் வழியாகப் போயிருக்கிறது. இந்த வாசல் நம் ஊரிலும் எத்தனை அலுவலகங்களில் உண்டு என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

மேலே சொன்ன பத்திர ஈட்டையும் தீவின் சட்டசபைதான் நிறைவேற்றியது. நீதிமன்றத்தின் கத்தி கழுத்தில் இருந்தது உண்மை. ஆனாலும் கட்டணம் கட்டிய மக்களுக்கு இந்தப் பணம் இத்தனை வருஷத்துக்கு அடகு போகிறது என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா?

கட்டணம் கட்டுகிற இன்னொரு கூட்டம்

30-வது பிரிவில் குடியேற்றக் கட்டணமும் இருக்கிறது என்று சொன்னோம். அமெரிக்கக் குடியேற்றச் சட்டமும் குவாமிலும் வர்ஜின் தீவுகளிலும் இருப்பவர்களின் மனுக் கட்டணம் அந்தந்தத் தீவின் கஜானாவுக்கே என்று சொல்கிறது. யாருக்காகக் கட்டும் கட்டணம் இது? பெரும்பகுதி வெளியிலிருந்து வரும் உழைப்பாளிகளுக்காக. யுத்தத்துக்குப் பின் குவாமின் ராணுவத் தளங்களைக் கட்டியவர்கள் ஆயிரக்கணக்கான பிலிப்பைன்ஸ் தொழிலாளிகள். இன்றும் கட்டட வேலைக்கு அங்கிருந்துதான் ஆள் வருகிறது. 2016 வாக்கில் குவாமுக்கு வரும் தற்காலிகத் தொழிலாளர் மனுக்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் வாஷிங்டன் தள்ளுபடி செய்யத் தொடங்கியது. வீடு கட்ட ஆள் இல்லை. பிறகு ராணுவச் செலவுச் சட்டத்தில் ஒரு விலக்கு எழுதினார்கள்: ராணுவத் தள வேலைக்கென்று வருஷத்துக்கு 4,000 பேர் வரை வரலாம்! சாமோரோவின் வீட்டுக்கு மூடிய வாசல் கடற்படைச் சிப்பாயின் பாசறைக்குத் திறந்தது.

ஆலைத் தோழர்கள் கேட்க வேண்டியது சைப்பான் கதை. வட மரியானாவின் பெரிய தீவு அது. உடன்படிக்கையில் குடியேற்ற அதிகாரத்தையும் கூலி நிர்ணயத்தையும் சில காலம் தீவு சர்க்காரிடம் விட்டிருந்தார்கள். 1980களில் ஆயத்த ஆடை ஆலைகள் அங்கே வந்து இறங்கின. சீனாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் பெண்களை ஒப்பந்தத்தில் கொண்டு வந்தார்கள். அவர்களில் பலர் ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். மணிக்கு 3.05 டாலர் கூலி 2007 வரை நீடித்தது. தைத்த சட்டையில் ‘அமெரிக்காவில் செய்தது’ என்று முத்திரை குத்தி, சுங்கத் தீர்வை இல்லாமல் அமெரிக்கக் கடைகளுக்கு அனுப்பினார்கள். ஒரு காலத்தில் 30க்கும் மேற்பட்ட ஆலைகள்! ஒவ்வோர் ஒப்பந்தத் தொழிலாளியின் அனுமதிச் சீட்டுக்கும் தீவு சர்க்காருக்குக் கட்டணம். தொழிலாளி எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனை வரவு. அப்படிப்பட்ட சர்க்கார் தையல் கூடத்துக்குள் போய் ஜன்னலைத் திற, கூலியைக் கூட்டு என்று முதலாளியிடம் சொல்லுமா? வெகுகாலம் சொல்லவில்லை. தொழிலாளிகள் 1999ல் அமெரிக்காவில் வழக்குப் போட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2005ல் உலக ஜவுளிப் பங்கீட்டு முறை முடிந்ததும் முதலாளிகள் இன்னும் மலிவான இடம் தேடிக் கிளம்பினார்கள். 2009ல் கடைசி ஆலையும் மூடிற்று. குடியேற்ற அதிகாரம் அதே வருஷம் வாஷிங்டன் கைக்குப் போயிற்று. இப்போது வெளியாள் ஒருவரை வைத்துக்கொள்ள முதலாளி வருஷத்துக்குக் கட்டும் கட்டணத்தில் ஒரு பகுதி, தீவின் பிள்ளைகளுக்குத் தொழில் கற்பிக்கவென்று தீவுக் கஜானாவுக்கு வருகிறது. 150 டாலராக இருந்ததை 2018ல் 200 ஆக்கினார்கள். கட்டணம் இருக்கும் வரை வெளியாள் வேண்டும். வெளியாளைப் போக்குவதற்குத்தான் கட்டணம்! இந்த முடிச்சை அவிழ்ப்பது தீவு சர்க்காரால் முடிகிற காரியமா என்பது நமக்குச் சந்தேகமே.

குவாமை ஐக்கிய நாடுகள் சபை 1946 முதல் தன்னாட்சி பெறாத பிரதேசங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. எந்த வழியில் போவது என்று சாமோரோ மக்கள் ஓட்டெடுப்பு நடத்தச் சட்டம் செய்தார்கள். பூர்வீக மக்களுக்கு மட்டும் ஓட்டு என்பது இனப் பாகுபாடு என்று அமெரிக்க நீதிமன்றம் 2017ல் தடுத்தது. 2019ல் மேல் கோர்ட்டும் அதையே சொன்னது. 1898ல் கேட்காமல் கைமாற்றியவர்கள், இப்போது எல்லோரையும் கேட்க வேண்டும் என்கிறார்கள். அந்தப் பெரிய வழக்கு இன்னும் நெடுநாள் நடக்கும். அதுவரை கட்டணம் நிற்காது. நாளைக் காலையிலும் வாசலில் மனுவும் ரொக்கமுமாக ஆட்கள் நிற்பார்கள்.

அவர்களுக்காக நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் அல்ல. 35 டாலரில் எத்தனை, 130 டாலரில் எத்தனை குவாமில் வசூலாயிற்று, அதில் எவ்வளவு குவாம் கஜானாவை அடைந்தது, எவ்வளவு பிடித்தமாயிற்று, எவ்வளவு பத்திரக்காரனுக்குப் போயிற்று என்று வருமான வரியிலிருந்து பிரித்து, வருஷந்தோறும், இங்கிலீஷிலும் சாமோரோ பாஷையிலும் அச்சடித்து அந்த வாசலிலேயே ஒட்டட்டும். 1950-ம் வருஷத்துச் சட்டத்தை இதற்காக ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை.